குமரி மாவட்டத்தில் ஸ்போர்ட்ஸ் காருக்கு டயர் எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் முன்னூறு, நானூறு குதிரைத்திறன் உள்ள கார்கள் இப்போது அபூர்வமில்லை. வண்டியைப் பற்றி எல்லாம் தெரிந்து வைத்திருப்பவர்கள்கூட டயர் மாற்றும் நேரத்தில் கடைக்காரர் சொன்னதைப் போட்டுவிட்டு வருகிறார்கள். அவர்கள் என்னிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை.

நம்ம ஊருக்கு எந்த வகை டயர் சரியாக இருக்கும்?

நல்ல ஈரப்பிடிப்பு உள்ள அல்ட்ரா ஹை பெர்ஃபார்மன்ஸ் சம்மர் டயர். கடைகளில் யு.எச்.பி. என்று கேட்டால் தெரியும்.

தமிழ்நாட்டின் மற்ற மாவட்டங்களில் இருப்பவர்களுக்கு மழை என்றால் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை. நமக்கு அப்படியில்லை. ஜூனில் இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, தொடங்கினால் செப்டம்பர் வரை, அப்புறம் மூச்சு விடுவதற்குள் வடகிழக்குப் பருவமழை. இடையில் கோடை மழையும் உண்டு. குலசேகரம், அருமனை, கடையால் பக்கம் ரப்பர் விளைகளுக்கு நடுவே போகும் ரோடுகள் மழை நின்ற பிறகும் நிழலில் நெடுநேரம் காய்வதில்லை. ஓரத்தில் பாசி, நடுவில் சருகு, வளைவு திரும்பினால் எதிரே பஸ். அங்கே காய்ந்த ரோட்டுப் பிடிப்பில் உலக சாதனை படைத்த டயர் இருந்தும் பிரயோஜனமில்லை.

அதனால் முதல் அளவுகோல் ஈரத்தில் பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்பது. இரண்டாவது, தேங்கிய தண்ணீரை எவ்வளவு வேகமாக வெளியே தள்ளுகிறது என்பது. டயர் தண்ணீர்மேல் மிதக்கத் தொடங்குவதை அக்வாபிளேனிங் என்பார்கள். அகலமான டயர் இதில் சீக்கிரமே மாட்டும், ஏனென்றால் அதே எடை அதிகப் பரப்பில் விழுகிறது. 275, 295 மி.மீ. அகலத்தில் பின் டயர் உள்ள வண்டி, பக்கத்தில் போகும் ஆல்டோவைவிட முன்னாலேயே மிதக்கக்கூடும். சுற்றளவு நெடுக அகலமான மூன்று நான்கு நேர்ப்பள்ளங்கள் இருக்கிறதா என்று கையை வைத்தே பாருங்கள். ஐரோப்பிய லேபிளில் ஈரப்பிடிப்புக்கு ஏ முதல் இ வரை தரம் தருகிறார்கள். அதே மாடல், அதே அளவுக்கு இணையத்தில் தேடினால் கிடைக்கும். ஏ அல்லது பி-க்குக் கீழே போக வேண்டாம்.

மூன்றாவது அளவுகோல் குழிக்குத் தாங்கும் சைடுவால், அதாவது டயரின் பக்கச்சுவர். அது தனிக் கதை, கீழே வருகிறது.

ஆல் சீசன் டயர் போட்டால் மழைக்கு நல்லதுதானே?

அதில் உள்ள சீசன்களில் ஒன்று பனிக்காலம். சம்மர் டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழேதான் இறுகும். நமக்கு அந்தக் குளிர் வரப்போவதில்லை. நல்ல சம்மர் டயர் நம் வெப்பநிலையில் மழையிலும் பெரும்பாலும் ஆல் சீசனைவிட நன்றாக நிற்கும்.

கப் 2 மாதிரி டிராக் டயர் போடலாமா? பார்க்கவே கெத்தாக இருக்கிறது.

கெத்துதான். ஆனால் அந்த வகை டயர்களில் பள்ளங்கள் குறைவு, சூடேறினால்தான் முழுப் பிடிப்பு வரும். ஆரல்வாய்மொழியைத் தாண்டும்போது காய்ந்து கிடக்கும் ரோடு, நாகர்கோவில் வருவதற்குள் கொட்டுகிற மழையில் நனைந்திருக்கும். கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேக்கோ இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கோ போகிற பழக்கம் இருந்தால் தனியாக ஒரு செட் ரிம் வாங்கி அதில் போட்டு வையுங்கள். அதைப் போட்டுக்கொண்டு மழையில் நானூறு கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டே கோவை போகிறேன் என்றால் நான் தடுப்பேன்.

டயர் ஓரத்தில் எழுதியிருப்பதை எப்படிப் படிப்பது?

245/40 ஆர் 18 97 ஒய், எக்ஸ்.எல் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 245 என்பது மில்லிமீட்டரில் அகலம். 40 என்பது சைடுவால் உயரம், அகலத்தில் 40 சதவீதம், அதாவது 98 மி.மீ. ஆர் என்றால் ரேடியல், 18 என்பது அங்குலத்தில் ரிம் அளவு. 97 என்பது சுமைக் குறியீடு, ஒரு டயர் 730 கிலோ தாங்கும். ஒய் என்றால் 300 கி.மீ. வேகம் வரை. எக்ஸ்.எல் என்பது கூடுதல் சுமை தாங்கும்படி செய்த டயர். இதே அளவில் சாதாரணச் சுமை டயரும் உண்டு. அதன் குறியீடு 93, தாங்குவது 650 கிலோ. கடையில் "அளவு ஒண்ணுதான் சார்" என்று 93-ஐ எடுத்து நீட்டுவது நடக்கிற விஷயம். வண்டிக்கு 97 கேட்டிருந்தால் 97 அல்லது அதற்கு மேல்தான்.

அப்புறம் டாட் (DOT) என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கம். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. இந்த முழு வரி சில சமயம் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். மாட்டிய பிறகு உள்பக்கம் போய்விட்டால் ராம்ப்பில் ஏற்றினால்தான் தெரியும். ஆகவே மாட்டுவதற்கு முன்பே, நான்கையும் உருட்டிப் பார்த்துப் படித்துவிடுங்கள். ஓடாத அளவுகள் கடையில் நாள்கணக்கில் தூங்குவதுண்டு, ஸ்போர்ட்ஸ் கார் அளவுகள் எல்லாமே நம் ஊரில் ஓடாத அளவுகள்தான்.

நாட்டிலேயே உச்ச வேகம் 120-தானே, எதற்கு 300 கி.மீ. டயர்?

நியாயமான கேள்வி. வேகக் குறியீடு வேகத்துக்கு மட்டும் இல்லை. வெப்பத்தைத் தாங்கும் கட்டுமானத்துக்கும் அது ஓர் அடையாளம். மே மாத மதியத்தில் காவல்கிணறு தாண்டி என்.எச். 44 நாலுவழிச்சாலையில் ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓட்டினால் டயருக்குள் ஏறும் சூடு கொஞ்சமில்லை. எச் 210, வி 240, டபிள்யூ 270, ஒய் 300. கம்பெனி ஒய் சொன்ன இடத்தில் வி போட்டால் உடனே ஒன்றும் ஆகாது, ஆனால் ஸ்டியரிங்கின் கூர்மை போகும். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் கேள்வி கேட்கவும் இடம் கொடுத்தது போலாகும்.

18-லிருந்து 19 அல்லது 20 அங்குல ரிம்முக்கு மாறலாமா?

அதிகம் பேர் கேட்பதும், அதிகம் பேர் என் பதிலைக் கேட்காமல் போவதும் இதில்தான்.

245/40 ஆர் 18 டயரின் மொத்த விட்டம் சுமார் 653 மி.மீ. 19-க்கு ஏறினால் 245/35 ஆர் 19 போட வேண்டும், விட்டம் 654. கணக்கு சரியாக இருக்கிறது, ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. ஆனால் சைடுவால் 98 மி.மீட்டரிலிருந்து 86-க்கு இறங்கிவிட்டது. அந்த 12 மி.மீ.தான் குழியில் விழும்போது ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் நின்ற குஷன்.

களியக்காவிளையிலிருந்து நாகர்கோவில் வரை என்.எச். 66-இல் கேரளாவுக்குக் கல்லும் எம்-சாண்டும் ஏற்றிப்போகும் டாரஸ் லாரிகள் இரவும் பகலும் ஓடுகின்றன. அவை தோண்டிவிட்ட குழிகள் மழையில் தண்ணீர் நிரம்பித் தட்டையான ரோடு போலவே தெரியும். அதில் 30 சீரிஸ் டயர், அதாவது சைடுவால் அகலத்தில் 30 சதவீதமே உள்ளது, ஒரு முறை ஓங்கி இறங்கினால் போதும். இரண்டு நாள் கழித்து வண்டியைக் கழுவும்போது, சைடுவாலில் பாதி எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம் தெரியும். உள்ளே நூல் அறுந்துவிட்டது என்று அர்த்தம், இனி காற்றை வெறும் ரப்பர்தான் பிடித்து வைத்திருக்கிறது. அதை ஒட்டவும் முடியாது, "மெதுவா ஓட்டிக்கலாம்" என்றும் விட முடியாது. புது டயர்தான்.

என் அபிப்பிராயம்: கம்பெனி தந்த அளவில் மிகச் சிறிய ரிம் எதுவோ, அதுவே நம் மாவட்டத்துக்கு உத்தமம். அதே மாடலின் குறைந்த விலை வேரியன்ட்டில் 18 வந்திருந்து, உங்கள் பிரேக் காலிப்பர் இடிக்காது என்றால் 19-லிருந்து 18-க்கு இறங்குவதைக்கூட யோசிக்கலாம்.

முன்னால் ஒரு அளவு, பின்னால் ஒரு அளவு இருக்கிறது. நான்கையும் ஒரே அளவாக்கலாமா?

வேண்டாம். போர்ஷே 911 கரேராவில் முன்னால் 235/40 ஆர் 19, பின்னால் 295/35 ஆர் 20 தருகிறார்கள் என்றால், பின்னால் இருக்கும் எஞ்சின் எடையையும் வண்டி திரும்பும் விதத்தையும் கணக்குப் பண்ணித்தான். அதை மாற்றினால் ஈரத்தில் பின்பக்கம் வழுக்கும்போது கம்ப்யூட்டரும் குழம்பும், நீங்களும் குழம்புவீர்கள். இப்படிப்பட்ட வண்டியில் முன் டயரைப் பின்னுக்கு மாற்றி ஓட்டவும் வழியில்லை என்பதைச் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வண்டியோடு வந்த அதே டயரைத்தான் போட வேண்டுமா?

சைடுவாலில் சின்ன நட்சத்திரக் குறி இருந்தால் பி.எம்.டபிள்யூவுக்கென்று சரிபார்த்தது, எம்.ஓ. என்றால் மெர்சிடிஸ், ஏ.ஓ. என்றால் ஆடி, ஆங்கில N எழுத்தோடு ஓர் இலக்கம் இருந்தால் போர்ஷே. அதே பெயர் உள்ள சாதாரண டயரிலிருந்து உள்கட்டுமானத்திலோ ரப்பர் கலவையிலோ கொஞ்சம் வேறுபடும். போர்ஷே வைத்திருப்பவர்கள், அதுவும் வாரண்டிக்குள் இருப்பவர்கள், குறியுள்ளதையே போடுவது நல்லது. மற்றவர்கள் குறி இல்லாத நல்ல டயர் போட்டாலும் தப்பில்லை, நான்கும் ஒரே மாடலாக இருந்தால் சரி.

கிடைப்பதுதான் பெரிய பாடு. 2020 ஜூனில் மத்திய அரசு புதிய டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் போட்டது. அதன் பிறகு சில அளவுகள் சொல்லி வைத்துக் காத்திருந்து வாங்க வேண்டியதாகிவிட்டது. பள்ளத்தின் ஆழம் தேய்ந்து 3 மி.மீ. வந்த அன்றைக்கே தேட ஆரம்பித்தால் தாமதம். 4 மி.மீ. இருக்கும்போதே விசாரியுங்கள், நாகர்கோவிலில் இல்லையென்றால் திருவனந்தபுரம், மதுரை என்று போனைப் போடுங்கள்.

எந்த பிராண்ட் நல்லது?

பணம் பிரச்சினை இல்லை, அளவும் கிடைக்கிறது என்றால் மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் அல்லது பைலட் ஸ்போர்ட் 5. ஈரத்தில் நம்பிக்கை தரும் டயர்கள், தேயும்போதும் குணம் அவ்வளவாக மாறுவதில்லை. கான்டினென்டலின் ஸ்போர்ட் கான்டாக்ட் வரிசையும் மழையில் பேர் வாங்கியதுதான். பிரெல்லி பி ஜீரோ ஓட்டுவதற்கு இனிமையானது, ஆனால் அந்த ஒரே பெயரில் பல ரகம் இருக்கிறது, எந்த ரகம் என்று கேட்டு வாங்க வேண்டும். குட்இயர் ஈகிள் எஃப்1 அசிமெட்ரிக், பிரிட்ஜ்ஸ்டோன் பொட்டென்சா, யோகோஹாமா அட்வான் ஆகியவற்றையும் ஒதுக்க வேண்டியதில்லை. நம் நாட்டு நிறுவனமான அப்போலோ 2009-இல் வாங்கிய டச்சு நிறுவனம் வ்ரெடெஸ்டைன். அதன் அல்ட்ராக் வரிசை விலைக்குத் தரமானது. இருநூறு, இருநூற்றைம்பது குதிரைத்திறன் வண்டிக்குத் தைரியமாகப் போடலாம்.

கேள்விப்படாத பெயரில் பாதி விலைக்கு வருவதை முன்னூறு குதிரைத்திறன் வண்டிக்குப் போடுவதைவிட, அந்த வண்டியை விற்றுவிடுவது மேல்.

துபாயில் மச்சான் இருக்கிறான். அங்கே விலை குறைவு, கொண்டுவரச் சொல்லலாமா?

குமரியில் இந்தக் கேள்வி வராமல் போனால்தான் அதிசயம். இங்கே விற்கும் கார் டயரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், அங்கிருந்து வருவதில் அது பெரும்பாலும் இருக்காது. இறக்குமதிக் கட்டுப்பாட்டை மேலே சொன்னேன், சுங்கத்தில் நின்று வாதாட வேண்டிவரும். ஒரு மாதத்தில் சைடுவால் வீங்கினால் வாரண்டிக்கு மச்சானைத்தான் கேட்க வேண்டும். விலை வித்தியாசமும் முன்புபோல இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது.

நான் வெளிநாட்டில் இருக்கிறேன். வருடத்தில் ஒரு மாதம்தான் வண்டி ஓடும். டயர் புதிதாகத்தானே இருக்கும்?

பள்ளம் புதிதாக இருக்கும். ரப்பர் வயசாகியிருக்கும். போர்ட்டிகோவில் ஒரே இடத்தில் பதினோரு மாதம் நிற்கும் வண்டியில் கீழே அழுந்திய பகுதி தட்டையாகிவிடும். லீவில் வந்து எடுத்த முதல் நாள் ஸ்டியரிங் அதிர்வது அதனால்தான். கொஞ்சதூரம் ஓடிச் சூடானால் சரியாகிவிட்டால் பயமில்லை, சரியாகவில்லை என்றால் டயர் போய்விட்டது. வெயில் படும் பக்கத்து இரண்டு டயரில் மட்டும் மெல்லிய வெடிப்பு ஓடியிருப்பதையும் பார்க்கலாம்.

போகும்போது காற்றை டயரில் எழுதியிருக்கும் உச்சத்தைத் தாண்டாமல் நாலைந்து பி.எஸ்.ஐ. கூட்டி வைத்துவிட்டுப் போங்கள். வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஓர் அடியாவது நகர்த்தச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் முதலில் காற்றைப் பழைய அளவுக்கு இறக்குங்கள். ஐந்து வருடம் தாண்டிய டயரை வருடா வருடம் கழற்றி உள்ளே வெளியே பார்க்க வேண்டும். இப்படிப்பட்ட வண்டியில் ஏழெட்டு வருட டயரோடு மழையில் விரட்டுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், பள்ளம் 6 மி.மீ. இருந்தாலும் சரி.

ட்ரெட்வேர் 300, 200 என்கிறார்களே, அது எத்தனை ஆயிரம் கிலோமீட்டர்?

கிலோமீட்டர் இல்லை. 100 என்று வைத்த ஒரு சோதனை டயரின் தேய்மானத்தோடு ஒப்பிட்டு, கம்பெனியே போடும் எண். ஒரே கம்பெனியின் இரண்டு டயரை ஒப்பிட உதவும், வேறு வேறு கம்பெனிகளை ஒப்பிட உதவாது. பின்சக்கரத்தில் இழுக்கும் வலுவான வண்டியில் பின் டயர் 20,000 கி.மீ. தாண்டினாலே சந்தோஷப்படலாம்.

எப்போது மாற்றுவது?

சட்டப்படி 1.6 மி.மீ. வரை ஓட்டலாம். பள்ளத்துக்குள் குறுக்கே தெரியும் சிறு மேடு அந்த அளவைத்தான் காட்டுகிறது. நம் மழைக்கு 3 மி.மீட்டரிலேயே மாற்றிவிடுங்கள். மே மாதக் கடைசியில் 3.5 இருந்தால் இடவப்பாதி தொடங்குவதற்கு முன்பே. இரண்டு மட்டும் மாற்றுகிறீர்கள் என்றால் ஒரே அச்சில் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். முன்னும் பின்னும் ஒரே அளவுள்ள வண்டியானால், எந்தச் சக்கரம் இழுத்தாலும் புதியது பின்னால்தான் போக வேண்டும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியானால் முன்பின் தேய்மான வித்தியாசம் எவ்வளவு வரை இருக்கலாம் என்று மேனுவலில் பார்த்துவிடுங்கள், இல்லையென்றால் கியர்பாக்ஸ் பக்கம் செலவு வரும்.

வெளியே நன்றாகத்தான் தெரிகிறது, மெக்கானிக் மட்டும் டயர் போச்சு என்கிறார். ஏமாற்றுகிறாரா?

அநேகமாக இல்லை. இந்த வகைக் கார்களில் சக்கரம் மேலே உள்நோக்கிச் சாய்ந்திருக்கும். அதனால் உள்விளிம்பு முதலில் தேயும். ராம்ப்பில் ஏற்றிக் கீழிருந்து பார்த்தால் வெளிப்பக்கம் 4 மி.மீ. இருக்கும் அதே டயரில் உள்பக்கம் ஒரு விரல் அகலத்துக்கு மொழுமொழுவென்று இருக்கும், சில நேரம் கம்பியே தெரியும். சாய்வைவிட டோ எனப்படும் முன்பின் கோணம் தவறினால் இன்னும் வேகமாகத் தின்றுவிடும். பெரிய குழியில் விழுந்த பிறகும், குறைந்தது 10,000 கி.மீட்டருக்கு ஒருமுறையும், நான்கு சக்கர அலைன்மென்ட் பாருங்கள். முன் சக்கரத்துக்கு மட்டும் பார்ப்பது இந்த வண்டிகளுக்குப் போதாது.

ரன்ஃபிளாட் வேண்டுமா?

காற்றே இல்லாமலும் 80 கி.மீ. வேகத்தில் 80 கி.மீ. தூரம் போகலாம் என்பது அதன் பொதுவான கணக்கு. ராத்திரி பேச்சிப்பாறையில் பஞ்சர் ஆனாலும் நாகர்கோவில் வந்து சேர்ந்துவிடலாம். குறை என்னவென்றால் சைடுவால் விறைப்பு, குழிகளில் முதுகு பேசும், விலையும் அதிகம். ஸ்டெப்னி வைக்க இடமில்லாத வண்டி, பெரும்பாலும் வீட்டார்தான் ஓட்டுவார்கள் என்றால் ரன்ஃபிளாட்டையே தொடருங்கள். ஓட்டும் சுகத்துக்காக வாங்கிய வண்டி என்றால் சாதாரண டயருக்கு மாறி, டிக்கியில் ஒரு கம்ப்ரஸரும் பஞ்சர் கிட்டும் வையுங்கள்.

காற்று எவ்வளவு? நைட்ரஜன்?

டிரைவர் கதவுச் சட்டத்தில் உள்ள ஸ்டிக்கர் சொல்வதுதான். காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும். பம்பு வரை ஓட்டிப்போய்ப் பார்த்து "கூடுதலாக இருக்கிறது" என்று இறக்கிவிடாதீர்கள், அது சூட்டில் ஏறியது. சொந்தமாக ஒரு நல்ல கேஜ் வாங்கிக்கொள்ளுங்கள். நைட்ரஜன் போட்டால் கெடுதி இல்லை, ஆனால் சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

பஞ்சர் ஒட்டலாமா?

தரையில் படும் பகுதியில், 6 மி.மீட்டருக்குள் ஓட்டை என்றால் ஒட்டலாம். வெளியிலிருந்து குத்திச் சொருகும் குச்சி வீடு வந்து சேர மட்டும். டயரைக் கழற்றி உள்ளிருந்து காளான் வடிவப் பேட்ச் வைப்பதுதான் சரியான வேலை. அப்போதுதான் காற்று இறங்கி ஓடியதில் உள்சுவர் நைந்து கறுப்புப் பொடி உதிர்ந்திருக்கிறதா என்பதும் தெரியும். பொடி இருந்தால் ஒட்ட வேண்டாம். சைடுவாலிலும் தோள்பகுதியிலும் ஓட்டை என்றால் பேச்சே இல்லை.

கடற்கரைப் பக்கம் வீடு. டயருக்கு ஏதாவது கவனிக்க வேண்டுமா?

முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் இருப்பவர்களுக்கு டயரைவிட ரிம்தான் தலைவலி. உப்புக்காற்றில் அலாய் ரிம்மில், டயர் உட்காரும் விளிம்பில் வெள்ளையாகப் பூத்து, காற்று மெல்லக் கசியும். பஞ்சர் கடையில் தண்ணீரில் முக்கினால் ஆணி கிடைக்காது, விளிம்பில்தான் குமிழி வரும். டயர் மாற்றும்போது அந்த விளிம்பைச் சுத்தம் செய்யச் சொல்லிப் பக்கத்தில் நில்லுங்கள். பிரஷர் சென்சார் உள்ள வண்டியில் வால்வுத் தண்டு அலுமினியம். அதற்குள் முலாம் பூசாத பித்தளை ஊசியைப் போட்டால் உப்பு சேர்ந்து இரண்டும் ஒட்டிப்போகும், திருகும்போது தண்டே முறியும். நிக்கல் பூசிய ஊசி கேளுங்கள், மூடியும் பிளாஸ்டிக்கில் இருக்கட்டும்.

நம்ம ரப்பர் இந்த டயர்களில் இருக்குமா?

கொஞ்சம் இருக்கும். ஆனால் ரோட்டைத் தொடும் பகுதியில் பெரும்பங்கு செயற்கை ரப்பரும் சிலிகாவும். ஈரப்பிடிப்பைக் கூட்டியதில் சிலிகாவுக்குப் பெரிய பங்கு உண்டு, மிஷலின் அதை 1992-இலேயே கார் டயரில் கொண்டுவந்தது. விளையில் பால்வெட்டி எடுக்கும் இயற்கை ரப்பர், சூட்டையும் கிழிசலையும் தாங்குவதில் கெட்டி. அது அதிகம் போவது லாரி, பஸ், விமான டயர்களுக்கு. நம்ம கீரிப்பாறை ரப்பர் ஷீட் உங்கள் வண்டியில் ஓடுகிறதோ என்னவோ, உங்களை முந்திப்போகிற டாரஸில் ஓட வாய்ப்பு அதிகம்.

இன்சூரன்ஸ் டயருக்குக் கிடைக்குமா?

குழியில் விழுந்து டயர் மட்டும் போனால் சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் கிடைக்காது. வண்டிக்கும் சேர்ந்து அடிபட்டால் டயர் விலையில் பாதி. ஒரு டயர் விலையே ஐந்து இலக்கத்தில் இருக்கிற வண்டிக்கு டயர் பாதுகாப்பு ஆட்-ஆன் எடுப்பது வீண் செலவில்லை. எந்தச் சேதத்துக்குத் தருவார்கள், எவ்வளவு தேய்ந்திருந்தால் எவ்வளவு தருவார்கள் என்பதை மட்டும் கையெழுத்துக்கு முன் படியுங்கள்.

எங்கே மாட்டுவது? மாட்டியதும் விரட்டலாமா?

கடையின் பெயரைவிட மெஷினைப் பாருங்கள். 40-க்குக் கீழ் சீரிஸ் டயருக்கு பக்கத்தில் உதவிக் கை உள்ள மெஷின் வேண்டும். கடப்பாரை மாதிரி லீவரை வைத்து நெம்பினால் ரிம்மும் கீறும், பிரஷர் சென்சாரும் உடையும். சென்சார் எந்த இடத்தில் இருக்கிறது என்று மெஷினில் ஏற்றும் முன் கேட்கிற பையன் வேலை தெரிந்தவன். அவுட்சைட் என்று எழுதிய பக்கம் வெளியே இருக்க வேண்டும், அம்புக்குறி இருந்தால் ஓடும் திசையில். நட்டை ஏர் கன்னால் முடித்துவிடாமல் டார்க் ரெஞ்ச்சால் மேனுவல் சொல்லும் அளவுக்கு இறுக்கச் சொல்லுங்கள்.

புது டயரின் மேல் அச்சிலிருந்து வந்த வழவழப்பு கொஞ்சம் இருக்கும். முதல் 300 கி.மீ. திடீர் பிரேக், திடீர் ஆக்ஸிலரேட்டர் இல்லாமல் ஓட்டுங்கள், மழையில் இன்னும் கவனம். நூறு கி.மீ. வாக்கில் ஒருமுறை நட்டு இறுக்கத்தைச் சரிபார்த்துவிடுங்கள்.